மரத்தில் புல்லுருவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நத்தம் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு மாந்தோப்பு இருக்கிறது. அப்பா காலத்தில் புல்லுருவியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மேலே ஏதோ தொத்தியிருக்கு" என்று விட்டுவிட்டோம். காய்ப்பு குறைந்து, கிளை கிளையாகக் காய்ந்து, கடைசியில் மூன்று பெரிய மரங்களை அடியோடு எடுக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டும் நானே மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறேன். உறவுக்காரர்களும் பக்கத்துத் தோப்புக்காரர்களும், வீட்டு வாசலில் ஒரே ஒரு மரம் வைத்திருக்கிற நகரத்து நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை.

புல்லுருவி என்றால் என்ன? அது மரத்திலிருந்தே முளைக்கும் கிளைதானே?

இல்லை. அது தனிச் செடி. மண்ணில் வேர் விடாமல் மரக்கிளையின் பட்டைக்குள் உறிஞ்சுவேரைச் செலுத்தி அங்கேயே குடியேறிவிடும். நம் பக்கம் மாமரத்திலும் வேம்பிலும் அதிகம் காண்பது டென்ட்ரோப்தோ பால்கேட்டா என்ற இனம். வேளாண் அலுவலர்கள் 'லோராந்தஸ்' என்று பழைய பெயரால் சொல்வார்கள். இலங்கைத் தமிழர்களிடம் இதற்குக் குருவிச்சை என்று பெயர். பெயரிலேயே குருவி இருப்பதன் பொருத்தம் கீழே மூன்றாவது கேள்வியில் தெரியும்.

இதற்குப் பச்சை இலை உண்டு. வெயிலை வைத்துத் தன் மாவுச்சத்தைத் தானே செய்துகொள்ளும். முக்கியமாகத் தண்ணீரையும் உப்புச் சத்துகளையும்தான் மரத்தின் நீர்க்குழாயிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால்தான் தாவரவியலில் இதைப் பகுதி ஒட்டுண்ணி என்கிறார்கள். ஏறிக்கொள்ள இன்ன மரம்தான் வேண்டும் என்பதும் கிடையாது. மா, சப்போட்டா, மாதுளை, கொய்யா, வேம்பு, புங்கன், வாகை, தேக்கு என்று 300-க்கும் மேற்பட்ட மரம், செடி வகைகளில் இந்த ஒரே இனம் பதிவாகியிருக்கிறது.

நாம் போற்றும் சந்தன மரமும் இதே தாவர வரிசையைச் சேர்ந்தது என்பதைப் பலர் அறிவதில்லை. புல்லுருவி மேலே கிளையில் செய்வதைச் சந்தனம் மண்ணுக்கடியில் பக்கத்து மரங்களின் வேரில் செய்கிறது.

மாமரமும் பச்சை, இதுவும் பச்சை. எப்படிக் கண்டுபிடிப்பது?

வேம்பிலும் புங்கனிலும் சிரமமே இல்லை. மாசி, பங்குனியில் மரம் இலை உதிர்த்து நிற்கும்போது ஓரிடத்தில் மட்டும் பச்சைக் கொத்து தொங்கினால் அது பெரும்பாலும் புல்லுருவிதான். மாமரம் இலையை மொத்தமாக உதிர்ப்பதில்லை. அங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். காலை வெளிச்சத்தில் மரத்தடியில் நின்று வானத்தைப் பின்னணியாக வைத்துப் பாருங்கள். மாவிலை கரும்பச்சையாக, நீண்டு, கூராக இருக்கும். புல்லுருவி இலை தடித்து, சாம்பல் பூத்த பச்சையில், முனை மழுங்கி இருக்கும். கையில் கிடைத்தால் கசக்கிப் பாருங்கள், மாவிலை வாசம் இதில் வராது. பூ குழாய்போல் நீண்டு வளைந்து ஆரஞ்சுச் சிவப்பாகவோ வெள்ளையாகவோ இருக்கும். அதன்பின் சிறிய முட்டை வடிவப் பழம் வரும்.

ஒட்டிய இடத்தில் கிளை முண்டுபோல் வீங்கியிருக்கும். இலையைவிட அந்த வீக்கம்தான் உறுதியான அடையாளம்.

இலைகளைச் சேர்த்துத் தைத்து முசுறு எறும்பு கட்டும் கூட்டைப் பலர் தூரத்திலிருந்து புல்லுருவி என்று நினைத்துவிடுகிறார்கள். முசுறு பல பூச்சிகளைப் பிடித்துத் தின்னும், அதைக் கலைக்கத் தேவையில்லை. மரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிட், பெரணி, பாசி எதுவும் மரத்திலிருந்து உறிஞ்சுவதில்லை, வெறுமனே உட்கார்ந்திருக்கின்றன. மஞ்சள் நூல்போல் இலையில்லாமல் படரும் அம்மையார் கூந்தலும் ஒட்டுண்ணிதான், ஆனால் வேறு குடும்பம். அதைக் கையாளும் முறையும் வேறு.

எங்கள் தெருவில் வேறு எந்த மரத்திலும் இல்லையே, எப்படி வந்தது?

பறவை கொண்டுவந்தது. கட்டைவிரல் அளவு உடம்புள்ள, அலகிலிருந்து வால்வரை சுமார் 8 செ.மீ. நீளமே இருக்கிற பூங்கொத்தி என்ற சிட்டு இருக்கிறது. 'சிக் சிக்' என்று வெடுக்கென்ற குரல். நம் நாட்டின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று. புல்லுருவிப் பழம் அதற்கு முக்கிய உணவு. பழத்துக்குள் ஒரே விதை. விதையைச் சுற்றிப் பலாப்பால்போல் ஒட்டும் பசை. பூங்கொத்தி பழத்தை விழுங்கிய சில நிமிடங்களிலேயே விதை பசையோடு வெளியே வந்துவிடும். வந்தது உடம்பில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பறவை தான் உட்கார்ந்திருக்கும் கிளையில் பின்புறத்தைத் தேய்க்கும். விதை அங்கே ஒட்டிக்கொள்ளும். சில நேரம் அலகைக் கிளையில் துடைக்கும்போதும் ஒட்டும்.

ஒட்டிய விதை சில நாளில் முளைத்துவிடும். மண்ணோ மழையோ வேண்டாம், பசையிலும் பழத்திலும் இருக்கும் ஈரம் போதும். முளையின் நுனி கிளையைத் தொட்டதும் தட்டையாக விரிந்து பிடித்துக்கொள்ளும். அதற்குள்ளிருந்து உறிஞ்சுவேர் பட்டையைத் துளைத்துக் கட்டைக்குள் போகும். இளம் கிளையில் பட்டை மெல்லியது என்பதால் பெரும்பாலும் அங்கேதான் வெற்றி பெறும்.

பறவையியலாளர் சாலிம் அலி கொங்கண் பகுதியில் இந்த உறவைக் கவனித்து 1931-இலேயே கட்டுரை எழுதியிருக்கிறார். தேன்சிட்டு பூவுக்கு வருகிறது, மகரந்தம் சேர்கிறது. பூங்கொத்தி பழத்துக்கு வருகிறது, விதை பரவுகிறது. இரண்டு சிட்டுகளும் செய்யும் வேலையில்தான் இந்தச் செடியின் வாழ்வு நிற்கிறது.

அப்படியானால் பூங்கொத்தியை விரட்டலாமா?

வேண்டாம். முடியவும் முடியாது. பழம் இல்லாவிட்டால் அது தானாகவே வேறு இடம் போகும். நம் வேலை பழத்தோடு மட்டும்தான்.

மரத்தைக் கொன்றுவிடுமா?

ஒரு கொத்து, இரண்டு கொத்தால் நன்றாக வளர்ந்த மரம் சாகாது. எண்ணிக்கை கூடினால்தான் ஆபத்து. கடும் கோடையில் மண்ணில் ஈரம் குறையும்போது மரம் தன் இலைத்துளைகளை மூடித் தண்ணீரைச் சேமிக்கும். புல்லுருவி அப்படிச் சிக்கனம் பார்ப்பதில்லை. மரம் வாடிக்கொண்டிருக்கும்போதும் அது தாராளமாக நீரை வெளியேற்றிக்கொண்டிருக்கும். உறிஞ்ச வேண்டுமானால் அதன் இழுப்பு மரத்தின் இழுப்பைவிட வலுவாக இருந்தாக வேண்டும். அதற்கு அந்த நீர்ச்செலவே வழி. ஆகவே ஒட்டிய இடத்துக்கு அப்பால் இருக்கும் கிளை நுனிக்குத் தண்ணீர் போய்ச் சேராது. இலை சிறுக்கும், பூ குறையும், பிஞ்சு உதிரும், பிறகு நுனி காயும். சில ஆண்டுகளில் கிளையின் நுனி முழுக்கப் புல்லுருவியாகவே இருக்கும்.

எங்கள் தோப்பில் எடுத்த மூன்று மரங்களில் ஒன்று கிளிமூக்கு. கடைசிக் காலத்தில் அதில் மாவிலையைவிடப் புல்லுருவி இலைதான் அதிகம். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து பார்த்து "மரம் நல்ல செழிப்பு" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துப் போயிற்று.

எப்போது வெட்ட வேண்டும்?

இரண்டு கணக்கு. புல்லுருவி பழம் விடுவதற்கு முன் வெட்ட வேண்டும் என்பது முதல் கணக்கு. மாமரத்துக்கு நட்டமில்லாத காலத்தில் வெட்ட வேண்டும் என்பது இரண்டாவது. அறுவடை முடிந்து ஆடி, ஆவணியில் கவாத்து செய்யும்போதே இதையும் சேர்த்துக்கொள்வது நல்லது. அதற்குப் பிறகு துளிர்க்கும் கிளை முற்றித் தையில் பூக்கும். ஐப்பசிக்கு மேல் பெரிய கிளைகளை எடுத்தால் அந்த ஆண்டுப் பூவும் போகும்.

ஆனால் மற்ற மாதங்களில் கொத்தில் பழம் திரண்டிருப்பதைக் கண்டால் ஆடி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அப்போதைக்குத் தொரட்டியால் கொத்தை மட்டும் இழுத்துப் போட்டுவிடுங்கள். கிளையை ஆடியில் பார்த்துக்கொள்ளலாம்.

சரியாக எப்படி வெட்டுவது?

தவறு அதிகம் நடப்பது இங்கேதான். பெரும்பாலோர் கொத்தை மட்டும் அரிவாளால் சீவிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் உறிஞ்சுவேர் சாகாது. அதிலிருந்து மறுபடி துளிர்க்கும். போதாததற்கு, நம் ஊர்ப் புல்லுருவிக்கு இன்னொரு வழியும் உண்டு. ஒட்டிய இடத்திலிருந்து பட்டைமேலேயே வேர்போன்ற ஓடுகொடிகளை இரண்டு பக்கமும் அனுப்பும். அவை சிறிது தூரத்துக்கு ஓரிடமாக மறுபடி பட்டையைத் துளைத்து இறங்கியிருக்கும். ஒரே கொத்து என்று நாம் நினைப்பது பல இடத்தில் பிடித்திருக்கும்.

ஆகவே கிளையோடு எடுக்க வேண்டும். ஒட்டிய இடத்திலிருந்து அடிமரத்தை நோக்கிக் குறைந்தது ஒரு அடி, அதாவது 30 செ.மீ. தள்ளி வெட்டுங்கள். வெட்டுமுன் ஓடுகொடி எதுவரை வந்திருக்கிறது என்று பட்டையைக் கையால் தடவிப் பாருங்கள். அது முடியும் இடத்தைத் தாண்டித்தான் வெட்டு விழ வேண்டும். அந்த இடத்துக்கு அருகே பக்கக் கிளை பிரிந்தால், அது பிரியும் கணுவோடு சேர்த்து எடுப்பது மேல். மொட்டையாகக் குச்சி விட்டால் அது காய்ந்து அழுகும்.

கனமான கிளையை ஒரே வெட்டில் விழுத்தாதீர்கள். பாதியில் முறிந்து பட்டையை உரித்துக்கொண்டு போகும். முதலில் கிளையின் கீழ்ப்புறத்தில் கால்வாசி ஆழத்துக்கு ரம்பத்தால் அறுங்கள். பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்குங்கள். கடைசியில் மிச்சக் குச்சியை, கிளை பிறக்கும் இடத்தில் வளையம்போல் இருக்கும் தடிப்பு கெடாமல் அறுத்தெடுங்கள். அந்தத் தடிப்பு இருந்தால்தான் மரம் காயத்தைத் தானே மூடும்.

பெரிய வெட்டுவாய்களில் போர்டோ பசை பூசுவது எங்கள் வழக்கம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்துப் பிறகு சேர்க்க வேண்டும். இரும்பு, தகரப் பாத்திரம் கூடாது, பிளாஸ்டிக் வாளி போதும். இந்தப் பசை பூஞ்சணம் வராமல் காக்கத்தான், புல்லுருவியைக் கொல்லாது.

மாமரக் கிளை சடக்கென்று முறியும். ஏறுபவர் இடுப்பில் கயிறு கட்டாமல் ஏறக் கூடாது. ஈரமான நாளில் வேண்டாம். மின்கம்பி அருகில் கிளை இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் கை வைக்க வேண்டும். எவ்வளவு அவசரமானாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடிமரத்திலோ தாய்க்கிளையிலோ பிடித்திருந்தால்? அதை வெட்ட முடியாதே.

வெட்ட முடியாது. அங்கே செய்யக்கூடியது அதைப் பட்டினி போடுவது. கொத்தைப் பட்டையோடு ஒட்டச் சீவிவிட்டு, அந்த இடத்தைக் கறுப்பு பாலித்தீன் தாளால் வெளிச்சம் புகாமல் சுற்றிக் கட்டுங்கள். புல்லுருவிக்கு வெயில் வேண்டும். துளிர்விட்டும் வெளிச்சம் கிடைக்காவிட்டால் மெல்லச் சாகும். இரண்டு ஆண்டுகூட ஆகலாம். இடையிடையே கட்டைத் தளர்த்திக் கட்டாவிட்டால் கயிறு மரத்துக்குள் பதிந்துவிடும். தாள் கிழிந்தால் மாற்ற வேண்டும்.

அதுவும் முடியாதவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ கொத்தைச் சீவிக்கொண்டே இருக்கலாம். முழுக்கப் போகாது, ஆனால் பழம் விடாது, பரவாது, மரத்தின் இழப்பும் குறையும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இதைத்தான் சொல்கிறேன்.

மருந்து அடித்தால் போகாதா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். என் பதில் உறுதியானது: மருந்தை நம்பாதீர்கள். புல்லுருவியும் மரமும் ஒரே நீர்க்குழாயில் இணைந்தவை. புல்லுருவியின் இலையைக் கருக்கும் அளவு மருந்து பெரும்பாலும் அதன் உறிஞ்சுவேரைக் கொல்லாது. வேரையும் கொல்லும் அளவு போனால் மரமும் சேர்ந்து பாதிக்கப்படும்.

பழைய பரிந்துரைகளில் டீசலையும் சோப்புக் கரைசலையும் கலந்து அடிக்கச் சொல்வதுண்டு. இலை கருகும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். கரைசல் பட்ட இடத்தில் மாவிலையும் இளம் பட்டையும் கருகும். 2,4-டி களைக்கொல்லி காற்றில் சற்றுத் தள்ளிப் போனாலும் பக்கத்துத் தக்காளி, பருத்தி, திராட்சை எல்லாம் இலை சுருண்டுவிடும். எத்தெபான் என்ற பயிர் வளர்ச்சி மருந்தைத் தெளித்தால் புல்லுருவி இலை உதிரும், உள்ளிருக்கும் வேரிலிருந்து பிறகு துளிர்க்கும். அடிமரத்தில் துளை போட்டு மயில்துத்தக் கரைசல் ஊற்றச் சொல்கிறவர்களும் உண்டு. அளவு தப்பினால் மரமே போய்விடும். சாகுபடி மரத்தில் எதையாவது சோதித்தே ஆக வேண்டுமென்றால், உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரை மரத்தடிக்கே கூட்டிவந்து காட்டி, அவர் எழுதிக் கொடுத்த அளவில், ஒரே ஒரு கிளையில் மட்டும் செய்துபாருங்கள்.

தீ வைத்துச் சுடுவது கூடவே கூடாது.

போன ஆண்டு வெட்டினேன், மறுபடி வந்துவிட்டதே?

வந்தது எங்கே என்று பாருங்கள். பழைய வெட்டின் அருகிலேயே துளிர்த்திருந்தால் வெட்டு போதுமான அளவு தள்ளி விழவில்லை, உள்ளே வேர் மிச்சம். வேறு கிளையில் சின்னஞ்சிறு செடியாக இருந்தால் அது புது விதை, பறவை கொண்டுவந்தது. முதலாவதற்கு மறுபடி தள்ளி வெட்ட வேண்டும். இரண்டாவது சுலபம். விரல் நீளச் செடி மெல்லிய கிளையில் இருக்கும், கத்தரிக்கோலால் அந்தக் கிளையையே எடுத்துவிடலாம்.

அதனால்தான் ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது முக்கியம். நான் ஆடியில் ஒவ்வொரு மரத்தையும் சுற்றி வந்து, பிடித்திருக்கும் கிளையில் துணிக்கிழிசலைக் கட்டி வைப்பேன். மரம் ஏறுபவர் வரும் நாளில் தேட வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டு மரத்தில் நிறைய இருக்கிறது. நான் மட்டும் வெட்டி என்ன பயன்?

பயன் உண்டு, ஆனால் பாதிதான். பூங்கொத்திக்கு வேலி கிடையாது. மூன்று தோப்புக்காரர்கள் பேசி ஒரே வாரத்தில் ஆள் வைத்து வெட்டினால் கூலியும் குறையும், பலனும் நிற்கும். எங்கள் பக்கம் அப்படிச் செய்யத் தொடங்கிய பிறகுதான் புதுச் செடிகள் வருவது கண்கூடாகக் குறைந்தது. பக்கத்துக்காரர் வெளியூரில் இருந்தால் போனில் கேட்டு, அவர் சார்பில் நீங்களே செய்துவிடுங்கள். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. சாலையோர மரம், கோயில் மரம், பள்ளி மரம் என்றால் பொறுப்பில் இருப்பவர்களிடம் சொல்லி அனுமதி வாங்கியே கிளை எடுக்க வேண்டும்.

வெட்டிப் போட்டதை என்ன செய்வது? கீழே கிடந்தால் மறுபடி முளைக்குமா?

மண்ணில் முளைத்து வளராது. விதை உயிருள்ள கிளையில் ஒட்டினால்தான் உண்டு. ஆனால் பழத்தோடு கிடக்கும் கொத்தைப் பறவை வந்து தின்னும், எனவே பழமிருந்தால் அன்றே அப்புறப்படுத்துங்கள். பழமில்லாதவற்றை எங்கள் ஊரில் ஆட்டுக்குப் போடுவார்கள், விரும்பித் தின்னும். எட்டி, அரளி போன்ற நச்சு மரங்களிலிருந்து எடுத்ததை மட்டும் கால்நடைக்குக் காட்டவே கூடாது.

புல்லுருவி மருந்துக்கு நல்லது என்கிறார்களே, சர்க்கரைக்குக் குடிக்கலாமா?

நாட்டு மருத்துவத்தில் இதற்கு இடமுண்டு. எந்த மரத்துப் புல்லுருவி என்பதைப் பொறுத்துக் குணம் மாறும் என்று வைத்தியர்கள் சொல்வார்கள். அதில் உண்மையான எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. தான் ஏறிய மரத்தின் வேதிப்பொருள்களைப் புல்லுருவி உறிஞ்சி வைத்துக்கொள்ளக்கூடும். எட்டி மரத்தில் வளர்ந்த புல்லுருவி வகைகளில் எட்டியின் கொடிய நஞ்சான ஸ்ட்ரிக்னின் இருப்பது பதிவாகியிருக்கிறது. காய்ந்த கட்டாக வாங்கும்போது அது எந்த மரத்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? சர்க்கரைக்கு எடுக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் காய்ச்சிக் குடிப்பது உயிரோடு விளையாடுவது. படித்த சித்த மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் தவிர எடுக்காதீர்கள்.

வீட்டில் வைத்தால் பணம் சேரும் என்று விற்கிறார்களே?

அந்தப் பணத்தை மரம் ஏறுபவருக்குக் கூலியாகக் கொடுங்கள்.

அப்படியானால் கண்ட இடமெல்லாம் அழித்துவிடலாமா?

கூடாது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காய்க்கும் தோப்பிலும் வீட்டு மரத்திலும் நாம் கட்டுப்படுத்துகிறோம், அது நம் உரிமை. காட்டிலும் மலையிலும் புல்லுருவிக்குத் தனி இடம் இருக்கிறது. மற்ற பூக்கள் இல்லாத மாதங்களிலும் தேன்சிட்டுகளுக்கு இது தேன் தருகிறது. இறக்கையின் அடிப்பக்கம் மஞ்சளும் சிவப்புமாக மின்னும் ஜெசபெல் பட்டாம்பூச்சியின் புழுக்கள் இதன் இலையைத் தின்றுதான் வளர்கின்றன. புல்லுருவியின் மேலேயே ஒட்டி வளரும் இன்னொரு ஒட்டுண்ணிகூட நம் தென்னிந்தியக் காடுகளில் உண்டு. ஆஸ்திரேலியாவில் சில காட்டுத்துண்டுகளிலிருந்து புல்லுருவியை முழுக்க எடுத்துப் பார்த்தார்கள். அங்கே இருந்த பறவை இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று 2012-இல் வெளியான ஆய்வு சொன்னது. பழம் தின்னும் பறவைகள் மட்டும் போகவில்லை. பூச்சி தின்னும் பறவைகளும் போயின. புல்லுருவி உதிர்க்கும் இலை தரையில் மக்கிப் பூச்சிகளை வளர்த்ததே காரணம் என்று அவர்கள் கருதினார்கள்.

எங்கள் தோப்பின் மேற்கு ஓரத்தில் காய்ப்பில்லாத பழைய வாகை ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு கொத்து இருக்கிறது. எடுக்கலாமா வேண்டாமா என்று அண்ணனுக்கும் எனக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை. தோப்புக்கு ஆபத்து என்பது அவர் கட்சி, அது சரிதான். போன ஆடியில் அதிலிருந்த பழத்தை மட்டும் உருவிப் போட்டுவிட்டுக் கொத்தை விட்டுவைத்தோம்.

மரம் முழுக்கப் பிடித்துவிட்டது. இனி காப்பாற்ற முடியுமா?

கிளைகளில் பாதிக்குக் கீழ் பிடித்திருந்தால் முடியும். ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் வெட்டாதீர்கள். திடீரென்று மொட்டையான மாமரத்தில் வெயில் பட்டுப் பட்டை வெடிக்கும். இரண்டு மூன்று ஆண்டாகப் பிரித்து, பழம் விடும் கொத்துகளையும் மேல்கிளைகளையும் முதலில் எடுங்கள். தொழுவுரம் போட்டுக் கோடையில் தண்ணீர் காட்டுங்கள். பாதிக்கு மேல் போய், தாய்க்கிளைகளிலும் வீக்கம் தெரிந்தால், மரம் வயதானதாகவும் இருந்தால், அதை எடுத்துவிட்டு ஒட்டுக்கன்று வைப்பதே மற்ற மரங்களுக்கு நல்லது. மனசு ஒப்பாதுதான். நாங்கள் எடுத்த கிளிமூக்கு நின்ற குழிக்குச் சற்றுத் தள்ளி வைத்த கன்று இப்போது என் தோள் உயரம். போன வாரம் அதன் இரண்டாம் கிளையில் ஒரு புல்லுருவி முளை பச்சையாக ஒட்டியிருந்தது, தீக்குச்சி அளவுதான். கத்தரிக்கோலால் அந்தச் சிம்பை எடுத்துவிட்டேன்.